வண்டி அவங்களோடது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பழைய கார்களைப் பழுது பார்க்கும் வில்லியனூர் மெக்கானிக் ஒருவர் பேசியது. இவர் நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகன். அவர் பேசியபடியே, கூடுமானவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. ஸ்பேனர் பிடிச்சுத்தான் பழக்கம். தலைவி அம்மா வொர்க் ஷாப்புக்கே வந்து, "நீ பேசணும்டா தம்பி, உன் தொழிலைப் பத்திச் சொல்லு போதும்"னு சொன்னாங்க. மறுக்க முடியலை. என் முதல் ஸ்பேனர் செட் இந்தச் சங்கப் பணத்தில் வாங்கினது. எங்க அம்மா பேருல எடுத்த 8,000 ரூபாய் உள்கடன் அது.

போன மாசம் கரிக்கலாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு அக்கா என்னை நிறுத்தி, "தம்பி, அன்னிக்கு மேல கூரை இல்லாத சிவப்புக் கார்ல போனியே, அது உன்னோடதா?"னு கேட்டாங்க. "இல்லக்கா, கஸ்டமரோடது"னு சொன்னேன். "ஆனா ஓட்டுறப்ப உன்னோடது மாதிரிதானே இருக்கும்?"னு சிரிச்சாங்க. பஸ் வந்துடுச்சு, பதில் சொல்ல முடியலை. அந்தப் பதிலைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

முதலில் இந்தக் கார்கள் என்னன்னு சொல்லிடறேன். நான் தொழில் கத்துக்கிட்டது சென்னை புதுப்பேட்டையில். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பார்கள். எங்க மேஸ்திரி வயசில் பெரியவர். சின்ன வயசில் சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும்போது வண்டிகளுக்குக் கையாளாகப் போனவர். சோழவரம் என்பது இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். அதில்தான் அந்தக் காலத்தில் பந்தயம் விட்டார்கள். பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது.

மேஸ்திரி எனக்கு முதலில் கொடுத்த வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961இலிருந்து நம்ம சென்னைப் பக்கம் வண்டலூரில் செய்த கார். அதன் பானட்டைத் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுசாக எழும்பும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இஞ்சினில் வேலை செய்யலாம். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதனால் ஹெரால்டு தெரிந்தவனுக்கு அந்தக் கால ஸ்போர்ட்ஸ் காரில் பாதி தெரிந்த மாதிரி.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சினிமாவில் வருகிற ராக்கெட் மாதிரி நினைக்காதீங்க. எம்.ஜி. டி.சி. என்று ஒரு கார். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் சுமார் 10,000 வண்டிதான் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மேலே துணிக்கூரை. முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைக்கலாம். சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பி இருக்கும். தகட்டுக்குள்ளே உடம்புச் சட்டம் மரத்தால் ஆனது, நம்ம வீட்டுக் கட்டில் மாதிரி. இஞ்சின் 1,250 சி.சி.தான். இன்னிக்கு வாடகைக்கு ஓடுகிற பல கார் அதைவிட வேகமாகப் போகும்.

அப்புறம் ஏன் பல லட்சம் விலை? திரும்பச் செய்ய மாட்டார்கள் என்பதால். ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால் பாண்டிச்சேரி கடையில் கிடைக்காது. வெளிநாட்டுக்கு எழுதி மாசக்கணக்கில் காத்திருக்கணும். இன்னொன்றும் உண்டு. வைத்திருப்பவர்களுக்கு அது அப்பா வாங்கின வண்டி, அம்மாவைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன வண்டி. பாட்டியோட அட்டிகைக்கு நாம என்ன விலை சொல்லுவோம்? அது மாதிரிதான்.

"ரிப்பேர் பண்ணுறவன் ஏன் ஓட்டணும்? சரி பண்ணிக் கொடுத்துட வேண்டியதுதானே"னு நீங்க கேட்கலாம். நின்ற இடத்தில் வண்டி எல்லாக் கோளாறையும் சொல்லாது. பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்குதா என்பது ரோட்டில்தான் தெரியும். மேட்டிலிருந்து இறங்கும்போது கியர் தானாகக் கழன்று விழுதா என்பதும் அப்படித்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே சூடாகி ஆவியாகி, நடு ரோட்டில் இஞ்சின் அணைந்துபோகும். ஷெட்டு நிழலில் அது தெரியுமா? வாரக்கணக்கில் செய்த வேலையை அரை மணி நேர ஓட்டம் சரியா தப்பான்னு சொல்லிடும்.

இப்போ பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாது. ரப்பர் ஊறி, இளகி, வெடிப்பு விடும். அதனால் ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கணும். பெட்ரோல் வாசனை வந்தால் அங்கேயே இஞ்சினை அணைக்கணும். வண்டி தீப்பிடிக்கிறது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னக் கசிவில்தான்.

நான் முதன்முதலில் அப்படி ஒரு காரை வில்லியனூர் ரோட்டில் ஓட்டினபோது சந்தோஷமா இருந்துச்சான்னு கேட்டால், வயிற்றைக் கலக்குச்சு. சீட்டு அவ்வளவு தாழ்வு. ஆரியப்பாளையம் பாலத்தில் பக்கத்தில் வந்த லாரிச் சக்கரம் என் தலை உயரத்துக்கு இருந்தது. பைக்கில் வருகிற பசங்க ஒரு கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டே ஒட்டி வருவாங்க. வேகத்தடையில் நேராக ஏறினால் அடியில் ஆயில் தொட்டி இடிக்கும், ஒரு சக்கரமாகச் சாய்த்து ஏற்றணும். அறுவடைக் காலத்தில் பாகூர் பக்கம் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்போம். அதில் பழைய டயர் வழுக்கும். சட்டை முழுக்க வேர்வையோடதான் திரும்பி வந்தேன். மேஸ்திரியிடம் போனில் சொன்னேன். "அந்தப் பயம் போயிடுச்சுன்னா எனக்குச் சொல்லு, அன்னிக்குத் தொழிலை விட்டுடு"ன்னாரு.

பயம் போயிடுச்சு. ஆனா அதை அவருக்கு நான் சொல்லலை. அந்தக் கதைக்கு வர்றேன். எங்க அம்மா மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. நான் இதைப் பேசப் போறேன்னு அவங்களுக்குத் தெரியாது. அம்மா, கோவிச்சுக்காதே.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். நான் மேலே சொன்ன மாதிரி ஒரு எம்.ஜி. டி.சி. வேலைக்கு வந்தது. கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, ட்யூன் பண்ணி, நாலு நாளில் இஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஓனர் சொன்ன வழி எட்டு கிலோமீட்டர். போய்விட்டுத் திரும்பணும், அவ்வளவுதான். நான் அன்னிக்குத் திரும்பலை. நேரா பாகூருக்குப் போய் எங்க வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

ஏன் போனேன்? அம்மாவுக்குக் காட்டணும்னுதான். அப்பா போனப்புறம் கழனி வேலைக்குப் போய் என்னைப் படிக்க வெச்சவங்க. சங்கத்தில் கடன் வாங்கி எனக்கு ஸ்பேனர் வாங்கிக் கொடுத்தவங்க. ஒரு நாள் அவங்களை ராணி மாதிரி உட்கார வைக்கணும்னு ஆசை. அம்மா, "யாரு வண்டிடா? கேட்டியா?"னு கேட்டாங்க. "கேட்டாச்சு, ஏறும்மா"ன்னேன். பொய். தெருவே வேடிக்கை பார்த்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கிட்டு, சிரிக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாங்க.

திரும்பும்போது எதிரில் ஒரு ஆட்டுக் கூட்டம். பிரேக்கை மிதித்தேன். பெடல் அப்படியே தரைவரைக்கும் போயிடுச்சு.

இதைக் கொஞ்சம் விளக்கணும். இப்போதைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனி வழியில் போகும். ஒன்று கசிந்தாலும் இன்னொன்று பிடிக்கும். அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு சக்கரத்தில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் கிழிந்தால் நாலு பிரேக்கும் போச்சு. ஓனர் என்னிடம் கார்புரேட்டர் வேலைதான் சொல்லியிருந்தார். பிரேக்கை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் வண்டியை வெளியே எடுத்தது என் தப்பு.

கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது தனிக் கம்பி வடத்தில் வேலை செய்வதால் கொஞ்சம் பிடித்தது. ஆட்டு மேலே ஏறாமல் ஓரமாக ஒடித்தேன். பனைமரத்தில் இடது மட்கார்டு தேய்த்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஆடு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகலை. மட்கார்டில் ஒரு சாண் நீளம் பெயின்ட் போய், தகடு கொஞ்சம் உள்வாங்கி இருந்தது.

என் மனசு அப்போ எங்கே போச்சு தெரியுமா? தட்டி நிமிர்த்தலாம், இரண்டு நாளில் பெயின்ட் கலந்து அடிச்சுடலாம், யாருக்கும் தெரியாதுன்னு போச்சு. அது என்னால் முடியும். அம்மாகிட்ட வாய்விட்டே சொன்னேன். அம்மா முழங்கையைப் புடவையில் ஒத்திக்கிட்டே, "அவருக்கு இப்பவே போன் போடு. நீ தொடுறதுக்கு முன்னாடி போடு. தொட்டுட்டா அப்புறம் சொல்ல மாட்டே"ன்னாங்க.

போட்டேன். எங்கே போனேன், யாரை ஏற்றினேன், எல்லாம் சொன்னேன். அவர் கத்தலை. கத்தியிருந்தால் நல்லா இருந்திருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசாமல் இருந்துட்டு, "வண்டியை அப்படியே வை, ஆள் அனுப்பறேன்"ன்னாரு. வேறு இடத்தில் வேலை பார்த்தார். 18,000 ரூபாய் ஆச்சு. அதைக் கொடுக்க வேண்டியது நான்.

கையில் 3,000 இருந்தது. அம்மா குழுவில் 15,000 உள்கடன் கேட்டாங்க. அந்தக் கூட்டத்தை எனக்குப் பிறகுதான் சொன்னாங்க. ஒரு அக்கா, "தொழிலுக்குக் கடன் கொடுக்கலாம், தப்புக்கு எப்படிக் கொடுக்கறது?"னு கேட்டாங்களாம். நியாயமான கேள்வி. இன்னொருத்தர் நல்ல மனசோட, "எதுக்கு வம்பு, கறவை மாட்டுக்குன்னு தீர்மானத்தில் எழுதிடுவோம்"ன்னாங்களாம். அப்போ ஊக்குநர் அம்மா நோட்டை மூடி வெச்சுட்டு, "உள்ளதை எழுதினாக் கடன். இல்லாததை எழுதினா அதுக்குப் பேரு கடன் இல்லை"ன்னாங்களாம். எங்க அம்மா எழுந்து நின்று நடந்ததை எல்லாம் சொன்னாங்க. "மகன் அடுத்தவர் வண்டியைச் சேதப்படுத்தியதற்கு ஈடு கொடுக்க" என்றே தீர்மான நோட்டில் எழுதினார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபது தவணை. ஒரு தவணை கூடத் தவறலை. தவறினால் என் பேர் அல்ல, அம்மா பேர்தான் கெடும்.

அந்த ஓனர் மறுபடி எனக்கு வண்டி தரலை. அது அவர் உரிமை. ஆனால் ஒன்றரை வருஷம் கழித்து வேறொருத்தர் ஒரு பழைய ஹெரால்டைக் கொண்டுவந்தார். "அவருதான் அனுப்பினாரு. 'அவன் ஓட்டத்தை நம்பாதீங்க, பேச்சை நம்பலாம்'னு சொன்னாரு"ன்னாரு. அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கிட்டேன்.

அதிலிருந்து சில வழக்கம் வைத்திருக்கிறேன். என்ன வேலைக்கு வண்டி வந்தாலும் முதலில் பிரேக்கைப் பார்க்கிறேன். நம்ம திருக்காமீசுவரர் கோயில் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பாங்க. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிறார். ஆனால் தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர். அவங்க இல்லாமல் தேரை அசைக்க மாட்டாங்க.

வண்டி வந்ததும் ஓனர் எதிரிலேயே மைல் மீட்டர் எண்ணையும், பெட்ரோல் அளவையும், இருக்கிற கீறல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். எந்த ரோட்டில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவேன் என்பதும் அதில் இருக்கும். உட்காரும் முன் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றுவேன். சீட்டில் துணி விரிப்பேன். என் கூட யாரும் ஏறக்கூடாது. மந்திரி கேட்டாலும் சரி, மச்சான் கேட்டாலும் சரி. என் மச்சான் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டு, நான் மறுத்து, இரண்டு வருஷம் பேசாமல் இருந்தான். இப்போ பேசுறான்.

சட்டமும் தெரிஞ்சு வெச்சிருக்கேன். 2021இல் மத்திய அரசு 50 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களை விண்டேஜ் வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக்கூடாது. மெக்கானிக் ஆசைக்கு ஓட்டலாம்னு எங்கேயும் எழுதலை.

இன்னொரு விஷயம். இப்போ என் வொர்க் ஷாப்பில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பெண் வேலை பார்க்குது. நம்ம உறுப்பினர் ஒருத்தர் மகள். லைசென்ஸ் எடுத்து, ஆறு மாசம் பக்கத்தில் நின்று பார்த்து, இப்போ தனியாக ஹெரால்டை ஓட்டிப் பார்க்குது. ஒரு கஸ்டமர், "இவ்வளவு விலை வண்டியைப் பொண்ணு கையில் கொடுக்கறியே"ன்னு கேட்டார். நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

உலகத்திலேயே காரில் முதல் நெடுந்தூரப் பயணம் போனது ஒரு பெண். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மா. கார் செய்த கார்ல் பென்ஸின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை அவர் தொழிலில் போட்டவர். காரை வாங்க ஆள் வரவில்லை, கணவருக்குத் தயக்கம். 1888 ஆகஸ்டில் அந்த அம்மா, அவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் மன்ஹைமிலிருந்து தன் தாய் வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். 100 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்தது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். மேட்டில் வண்டி ஏறவில்லை என்று வந்து சொன்னதால் கணவர் இன்னொரு கியர் சேர்த்தார். ஓட்டிப் பார்த்துக் கோளாறு சொல்லுகிற வேலையைத் தொடங்கிவைத்ததே ஒரு பெண்தான். நாங்க எல்லாம் அந்த அம்மாவுக்குப் பின்னால் வந்தவங்க.

"அந்த அம்மா சொல்லாமல் எடுத்துட்டுப் போனாங்களே, நீ எடுத்தா மட்டும் தப்பா?"ன்னு கேட்பீங்க. எங்க அம்மாவே கேட்டாங்க. அந்த வண்டியில் அவங்க சீதனப் பணம் இருந்தது. என் கையில் இருந்த வண்டியில் என்னோடது ஒரு ஆணிகூட இல்லை.

சரி, அந்த அக்காவுக்குப் பதில். ஓட்டுறப்ப என்னோடது மாதிரி இருக்குமான்னா, இல்லக்கா. என்னோடதா இருந்தால் நான் இவ்வளவு கவனமா ஓட்ட மாட்டேன். என் பைக்கை வந்து பாருங்க, ஒரு பக்கம் இண்டிகேட்டர் இல்லை. உங்க பொருளாளர் சங்கப் பணத்தைத் தனிப் பையில் போட்டு, வீட்டுச் செலவுப் பையோடு கலக்காமல் வைக்கிறாங்களே, அந்த மாதிரிதான் இது. வீட்டுப் பையில் பத்து ரூபாய் குறைஞ்சா பரவாயில்லை. சங்கப் பையில் குறைஞ்சா ராத்திரி தூக்கம் வராது.

சந்தோஷம் இல்லையான்னா, இருக்கு. விடியற்காலையில், ரோடு காலியா இருக்கும்போது, ஊசுட்டேரிப் பக்கம் போய்த் திரும்பும்போது, ஒரு மாசமாகத் திக்கித் திக்கி இருந்த இஞ்சின் ஒரே சீராகப் பாடும். அந்தச் சத்தம் என்னோடது. வண்டி அவங்களோடது.

உங்க பிள்ளைகள், பெண்ணோ பையனோ, இந்தத் தொழிலைக் கத்துக்கணும்னா அனுப்புங்க. பார்த்துத் தெரிஞ்சுக்கணும்னா கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இலிருந்து ஒரு கார் அருங்காட்சியகம் நடத்துறாங்க. அடுத்த வருஷம் கூட்டமைப்புச் சுற்றுலா போகும்போது அதையும் சேர்த்துக்கங்க. பஸ்ஸுக்குப் பிரேக் நான் பார்த்துத் தர்றேன், இலவசமா.

அம்மா, வீட்டுக்குப் போய்த் திட்டிக்கோ.